ஸ்ரெல்லாவுக்கு வந்த சந்தோஷம்

என் மனைவிக்குச் செபத்தில் சந்தோஷம் வந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும். கேட்கிறவர்கள் சிரிக்கலாம். மனைவி வாய்க்காரி என்று பயப்படுகிறவன் ஊரில் இருக்கிறான், மனைவி கோவிலுக்கே போகிறாளில்லை என்று சுவாமியிடம் முறையிடுகிறவனும் இருக்கிறான். மனைவி ஆண்டவரோடு சந்தோஷமாக இருக்கிறாளே என்று நடுங்குகிறவன் குருநகரில் நான் ஒருவன்தான்.

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை. முழங்கால் ஓடும் மட்டும் கடலில் தொழில் செய்தவன். முழங்கால் நின்ற பிறகு கரையில் குந்தியிருந்து மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுக்கிறவன். மனைவி ஸ்ரெல்லா. எங்களுக்கு இருப்பது ஒரே மகன், றஜிந்தன். பிறந்தது இரண்டு பிள்ளைகள். அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

ஸ்ரெல்லா பெரிய செபக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞாயிறு பூசை, பின்னேரம் செபமாலை, அதிலும் ஐந்து காரணிக்கத்தில் நாலாவது வரும்போது தூங்கி விழுவாள். ஆனால் வாழ்க்கையில் இரண்டு தடவை அவளுக்கு ஒன்று வந்திருக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் 'அது' என்போம். செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடுமாம். காரணமே இல்லாமல் கண்ணீர் வருமாம். உலகத்தில் ஒருவர் மீதும் கோபம் இருக்காதாம், முழங்காலில் இருந்து எழும்ப மனம் வராதாம். ஒருநாள் கூத்து அல்ல. நாட்கணக்கில் கிடக்கும்.

முதல் தடவை தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் வந்தது. செபமாலை மாதம். எங்கள் மூத்தவள் றோசிக்கு அப்போது இரண்டு வயது. அந்த மாதம் முடியும்போது சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு வழியில் காய்ச்சல் பிடித்தது. கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது அவள் போய்விட்டாள்.

இரண்டாம் தடவை இரண்டாயிரத்து ஒன்பதில், தபசு காலத்தில். ஸ்ரெல்லாவின் ஒரே தம்பி அப்போது சண்டை நடந்த வன்னியில் நின்றான். பாஸ்குத் திருநாள் கழிந்து கொஞ்ச நாளில் தம்பி இல்லை என்ற சேதி வந்து சேர்ந்தது.

பிறகு நாங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். யார்தான் பார்க்கமாட்டார்கள்? சந்தோஷம் முன்னால், சவப்பெட்டி பின்னால். தம்பிக்கு அந்தப் பெட்டியும் இல்லை.

இந்த வருடம் எங்கள் கோவில் யாகப்பர் திருநாளுக்குக் கொடி ஏறிய பின்னேரம், கோவிலால் வந்த ஸ்ரெல்லா செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டேன்.

"என்னப்பா?"

"வந்திட்டுது."

"எது?"

"அதுதான்."

கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தேன். அவள் அழுதாள். அழுதாலும் முகம் பூரித்துக் கிடந்தது. பயத்தில் நடுங்குகிற ஒருத்தியின் முகம் அப்படிப் பூரித்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்க்காமலே இருங்கள்.

"கொடி ஏறேக்கை பாட்டுப் படிச்சுக்கொண்டு நிண்டனான். நெஞ்சுக்குள்ளை இளநீர் ஊத்தின மாதிரி இறங்கினது. வேண்டாம் ஆண்டவரே, வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல வருகுது."

"ஆண்டவருக்கு வேண்டாமெண்டு சொன்னனியோ?"

"வேறை என்ன சொல்ல? எங்களிட்டை இனி ஆர் மிச்சம்?"

மிச்சமாக இருந்த ஒருவன் அப்போது கிணற்றடியில் குளித்தபடி பெரிய குரலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாளிலிருந்து ஸ்ரெல்லா ஆண்டவரிடமிருந்து ஒளிக்கத் தொடங்கினாள். வீட்டுச் செபமாலையை நிறுத்தினாள். நவநாள் பூசைக்குப் போனால் உள்ளே போகாமல் சைக்கிள்கள் நிற்கும் பக்கம் நின்று கச்சான் கடலை விற்கிறவளோடு கதைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. மீன் வெட்டும்போது வந்தது. அரிசி களையும்போது வந்தது. அயல்வீட்டுக்காரி வேலிக்கரையில் குப்பை கொட்டுகிறாள் என்று சண்டை பிடிக்கப் போனவள், பாதிச் சண்டையில் அவளைக் கட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த மனுசி இன்றைக்கும் அதன் காரணம் தெரியாமல் எங்கள் வீட்டைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பின்வளவுக்குப் போய்த் தனியே நின்று பயந்தேன்.

றஜிந்தன் தொழில் செய்வது ஜெனிஸ்ரனோடு. இரண்டு பேருக்கும் பொதுவான வள்ளம். ஜெனிஸ்ரன் எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். மனைவி லவீனா, கையில் ஒரு குழந்தை. தூரத்து முறையில் அவளுக்கு நான் மாமா, ஸ்ரெல்லா மாமி. பையன்கள் பின்னேரம் புறப்பட்டுப் போய், தீவுகளுக்கு அப்பால் வலை விட்டு, விடியக் கரைக்கு வருவார்கள். ஒருவன் எஞ்சினைப் பார்ப்பான், மற்றவன் வலையைப் பார்ப்பான். தண்ணீர் ஏறினால் ஒருவன் இறைக்க மற்றவன் ஓட்டுவான். கடல் இரண்டு ஆள் வேலை.

கொடி ஏறி மூன்றாம் நாள் மத்தியானம், மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பிடித்தபடி சொன்னாள்.

"தம்பி, உனக்காக நான் யாகப்பருக்கு நேந்து போட்டன். கொடி இறங்கும் வரைக்கும் நீ கடலிலை கால் வைக்கக் கூடாது. கோயிலிலை நிண்டு வேலை செய்யவேணும்."

றஜிந்தன் வாயில் வைத்த சோற்றை விழுங்கவில்லை. "என்னைக் கேக்காமல் ஏன் நேந்தனீங்கள்?"

"நேந்தாச்சு."

"தொழில் நடக்கிற நேரமம்மா. ஜெனி தனிய என்ன செய்வான்?"

"ஆரையேன் கூட்டிக்கொண்டு போகட்டும். நேந்தாச்சு எண்டு சொல்லுறன்."

அவன் கத்தினான், தட்டைத் தள்ளினான், எழும்பிப் போனான். ஆனால் வள்ளத்துக்குப் போகவில்லை. எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இராது. தாய் ஒரு பிள்ளையின் பேரில் நேர்ந்துவிட்டால் அந்தக் கடன் பிள்ளையின் தலையில்தான். நேர்த்தியை உடைத்தவனுக்கு என்ன நடந்தது என்று ஒழுங்கைக்கு ஒரு கதை வைத்திருப்போம். காசில்லாமல் இருப்போம், கட்டாத நேர்த்தியோடு இருக்கமாட்டோம்.

அவன் போனதும் ஸ்ரெல்லாவைக் கேட்டேன்.

"எப்ப நேந்தனி? எனக்குச் சொல்லேல்லை?"

"நேரேல்லை."

"பொய்யோ?"

"ஓம்."

"யாகப்பரின்ரை பேரிலையோ பொய் சொன்னனி?"

"அவரும் வள்ளத்திலை இருந்து வலை பொத்தினவர்தானே. அவரின்ரை தாயும் கரையிலை நிண்டு பாத்துக்கொண்டுதானே இருந்திருப்பா. அவருக்கு விளங்கும்."

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. மகன் கொடி இறங்கும் மட்டும் கரையில் நிற்கிறான் என்ற நிம்மதியில் இரண்டு பேரும் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டோம்.

அந்த நிம்மதி எனக்கு நிலைக்கவில்லை. நவநாளுக்குப் பிரசங்கம் வைக்க மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு சுவாமி வந்திருந்தார். இளம் ஆள். பிரசங்கத்தில் கத்தமாட்டார், அதனாலேயே சனத்துக்கு அவரைப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் பூசை முடிந்து, சுவாமிமார் தங்கும் அறைவீட்டு வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்திப் பொய்யை மட்டும் விட்டுவிட்டேன். அது அவளுடைய பாவம், அவள்தான் சொல்லவேண்டும்.

"அதுக்கு ஆறுதல் எண்டு பேர், ஐயா," என்றார். "ஆண்டவர் தாற ஆறுதல்."

"ஆறுதல் எண்டால் ஏன் சுவாமி பின்னாலை சாவு வருகுது?"

அவர் கோப்பையைத் திண்ணையில் வைத்தார். "உங்கடை பிள்ளை மோசம்போன அண்டைக்கு ஸ்ரெல்லா அம்மா என்ன செய்தவ?"

இருபத்தெட்டு இருபத்தொன்பது வருடமாக யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். காலையில் பிள்ளையை அடக்கம் செய்தோம். நான் வந்து பள்ளிக்கூடச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். அவள் படுக்கவில்லை. அங்கே ஒதுங்கியிருந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சினாள். பின்னேரம் சேலை கட்டி மறைத்த மூலையில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. இவள்தான் போய் அவளைத் தாங்கிப் பிடித்தாள். பிறந்த பிள்ளையை றோசியின் சட்டையால் சுற்றிக் கொடுத்தாள்.

"நான் சுவர்ப் பக்கம் கிடந்துகொண்டு, என்ன கல்நெஞ்சுக்காரி எண்டு நினைச்சனான் சுவாமி."

"கல்நெஞ்சோ அது?"

அவர் கோப்பையை மறுபடி எடுத்தார்.

"கடலுக்குப் போகேக்கை சோறு கட்டிக்கொண்டு போவியளோ?"

"போவம்."

"சோறு கட்டினபடியாலோ கடல் கொந்தளிக்குது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னப் பையனிடம் பாடம் கேட்கவா போனேன்? "அப்ப என்ன சொல்லுறியள்? சோறு கட்டியாச்சு, கடல் கிடக்குது எண்டுதானே? ஏதோ வரத்தான் போகுது எண்டுதானே சொல்லுறியள்?"

"ஆருக்குத்தான் ஐயா வராது?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு அந்தச் சோறு வந்து கனகாலம். வெறும் வயித்தோடைதான் பிரசங்கம் வைக்கிறன். ஸ்ரெல்லா அம்மாவிட்டை எனக்காகவும் மண்டாடச் சொல்லுங்கோ," என்றார்.

வீட்டுக்குப் போய் நான் ஸ்ரெல்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லப் போய், ஆண்டவர் இவ்வளவு பெரிய சோற்றுப் பொதி கட்டித் தந்திருக்கிறார் என்றால் பயணம் எவ்வளவு தூரமோ என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? அந்தக் கேள்வி என்னையே தின்றுகொண்டிருந்தது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் வேகமாகப் போனாலும் மகன் எங்கே என்று எட்டிப் பார்த்தேன். அவன் கோவில் பந்தலில் ஏறி நின்று லைற் கட்டினால் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். "அப்பா, நீங்கள் போய் இருங்கோ, சனம் சிரிக்குது," என்றான். இருக்கவில்லை. கடலிலிருந்து மறித்த பிள்ளையை ஏணியில் விட்டுவிட்டால்?

எங்கள் இருவருக்கும் ஒன்று மட்டும் ஞாபகத்தில் வரவில்லை. அந்த நாட்களில் ஜெனிஸ்ரன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். முதலில் ஒன்றிரண்டு பேர் அவனோடு போனார்கள். திருநாள் நெருங்க நெருங்க எவனும் வரவில்லை. திருநாளுக்கு முதல்நாளுக்கு முதல்நாள் சோளகக் காற்று விசிறி அடித்தது. "இண்டைக்கு விடு மச்சான், கொடி இறங்கினதும் நான் வாறன்," என்று றஜிந்தன் சொன்னானாம். "கிட்ட வலை விட்டிட்டு வாறன்," என்று ஜெனிஸ்ரன் தனியே போய்விட்டான்.

விடிந்தது, வரவில்லை. மற்ற வள்ளங்கள் வந்து மீனும் ஏலம் போய்விட்டது, அவன் வரவில்லை. அன்று பின்னேரம் நற்கருணைப் பவனி. கோவில் ஒலிபெருக்கி காலையிலேயே பாட்டுப் போடத் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் லவீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமி, இவர் இன்னும் வரேல்லை. ஃபோனும் வேலை செய்யுதில்லை."

ஸ்ரெல்லா அவளைப் பிடித்து இருத்தினாள். அதற்குள் கோவிலடியிலிருந்து றஜிந்தன் ஓடி வந்தான்.

"சங்கத்துக்கும் நேவிக்கும் சொல்லியாச்சு. தேடுறதுக்கு வள்ளங்கள் இறக்கீனம். தியாகராசா அண்ணையின்ரை வள்ளத்துக்கு ஆள் காணாது. நான் போறன்."

காற்று அப்படியே அடித்தது, குறையவில்லை. இதுதான் அது என்று நினைத்தேன். ஏணியும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. இதுதான்.

அப்போது லவீனா எழும்பி றஜிந்தனின் சேட்டு நுனியைப் பிடித்தாள்.

"வேண்டாம் றஜி. நீ போகாதை."

"ஏன்?"

"மாமி நேந்தது. கொடி இன்னும் இறங்கேல்லை. நேர்த்தியை உடைச்சுக்கொண்டு நீ இறங்கினால் யாகப்பர் அவரைத் தரமாட்டார். வேறை ஆரும் போகட்டும். நீ போகாதை, கும்பிட்டுக் கேக்கிறன்."

றஜிந்தன் அப்படியே நின்றுவிட்டான். தன் உயிருக்குப் பயந்தல்ல. ஜெனிஸ்ரனின் உயிருக்குப் பயந்து நின்றான். வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆள் போதாமல் அந்த வள்ளம் கரையில் நின்றது.

ஸ்ரெல்லா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மகன் நிற்பான். அவனை நிற்பாட்டியது லவீனாவின் கை. நாளைக்கு யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது. நான் அவளைப் பார்த்தேன். பேசாதே என்று கண்ணால் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் ஆண்டவரிடம் கூட அப்படிக் கெஞ்சியதில்லை. அவளும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்தான். உதடு வெளிறிப் போயிருந்தது.

"நேர்த்தி இல்லை," என்றாள்.

"என்ன மாமி?"

"நான் நேரேல்லை, பிள்ளை. இவனைக் கடலுக்கு விடாமல் வைச்சிருக்கப் பொய் சொன்னனான். யாகப்பரிட்டை நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை." பிறகு மகனைப் பார்த்தாள். "ஓடு தம்பி. போய்த் தேடு."

றஜிந்தன் தாயைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. சேட்டு நுனியை விடுவித்துக்கொண்டு ஓடினான். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

லவீனா குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப, அவரைத் தனியப் போக விட்டனீங்கள்."

"ஓம்," என்றாள் ஸ்ரெல்லா.

லவீனா வெளியே போனாள். ஸ்ரெல்லா நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். எனக்கு அவள் மீது ஆத்திரம் பொங்கியது.

"ஏனப்பா வாயைத் திறந்தனி? சும்மா நிண்டிருக்கலாம்தானே!"

"சும்மா நிக்கத்தான் நினைச்சனான்."

"அது வந்து சொல்ல வைச்சுதோ? உன்ரை சந்தோஷம்?"

"அது முந்தநாளோடை நிண்டிட்டுது. உங்களுக்குச் சொல்லேல்லை. இப்ப உள்ளுக்கை ஒண்டுமில்லை. காஞ்சுபோய்க் கிடக்கு. சொல்லேக்கையும் ஒண்டுமில்லை, பயம் மட்டும்தான்."

"பிறகு எப்பிடிச் சொன்னனி?"

"தெரியாது. சொல்லக்கூடியதாய் இருந்துது."

அப்போதுதான் சுவாமி சொன்ன சோற்றுக் கதையைச் சொன்னேன். கொடிகாமத்தில் அவள் காய்ச்சிய கஞ்சியையும், நான் சுவர்ப் பக்கம் கிடந்து நினைத்ததையும் சேர்த்தே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"சாப்பிட்டு முடிஞ்சால் ருசி வாயிலை நிக்காதுதான்," என்றாள். "பெலன் கிடக்கும்." பிறகு எழும்பி முகத்தைக் கழுவினாள். "நான் லவீனாவிட்டைப் போறன்."

"அவள் உன்னை வெட்டுவாள்."

"வெட்டட்டும்."

லவீனா கரையில் நின்றாள். சுற்றிவரப் பெண்கள். ஸ்ரெல்லா வருவதைக் கண்டதும் அவர்கள் கதையை நிறுத்தினார்கள். அதற்குள் விஷயம் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. லவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்ரெல்லா பக்கத்தில் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. கொஞ்சம் தள்ளி வெயிலில் மண்ணில் இருந்தாள். குழந்தை அழுதபோது யாரிடமும் கேட்காமல் போய் வாங்கினாள். லவீனா கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல். குழந்தை அவள் மடியில் தூங்கியது. மத்தியானம் முழுக்க அப்படித்தான் இருந்தார்கள், ஒரு சொல்லும் பேசாமல்.

எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனிஸ்ரன் பின்பக்கத்தால் வந்தான். றோட்டால். ஓட்டோவில். யாருடையதோ பெரிய சேட்டும் சாரமும் உடுத்திருந்தான். எஞ்சின் நின்று, வள்ளத்தைக் காற்று இழுத்துக்கொண்டுபோய் மாதகல் கரையில் எறிந்திருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் அரை மயக்கத்தில் கிடந்துவிட்டுப் பண்டத்தரிப்பிலிருந்து ஓட்டோ பிடித்திருக்கிறான். ஏன் ஒரு ஃபோன் கோல் எடுக்கவில்லை என்று எல்லோரும் ஏசினார்கள்.

"நம்பர் எல்லாம் ஃபோனுக்குள்ளை. ஃபோன் கடலுக்குள்ளை," என்றான்.

லவீனா அவன் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். ஸ்ரெல்லா குழந்தையைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான்.

"றஜி எங்கை?"

அழுகை நின்றது.

தேடப்போன மூன்று வள்ளங்களில் இரண்டுக்கு ஃபோன் கிடைத்தது. அவை திரும்பி வந்துகொண்டிருந்தன. தியாகராசாவின் வள்ளத்துக்குக் கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் கரைக்கு வந்தபோது கேட்டோம். தியாகராசாவின் ஆட்கள்தான் எல்லாரையும்விட வெளியே போனவர்கள், றஜிந்தன்தான் இன்னும் போவோம் இன்னும் போவோம் என்று நின்றான், பிறகு காணவில்லை என்றார்கள். கரையில் உயிரோடு நிற்கிற ஒருவனை என் பிள்ளை அந்தக் காற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.

நானும் ஸ்ரெல்லாவும் கரை மண்ணில் குந்தினோம். சனம் மெல்ல மெல்லக் கலைந்தது. பவனிக்கு மணி அடித்துவிட்டது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. லவீனா புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகத்தானே வேண்டும் என்று நினைத்தேன். செத்துப் பிழைத்தவனுக்குச் சுடுதண்ணீர் வார்க்க வேண்டும், ஒரு வாய் சோறு கொடுக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அவள் தனியே திரும்பி வந்தாள். வந்து ஸ்ரெல்லாவுக்குப் பக்கத்தில், தோள் முட்ட இருந்தாள்.

"மாமி, எனக்கு உங்களிலை இன்னும் கோபம்தான்."

"ஓம் பிள்ளை."

"ஆனால் றஜி வருமட்டும் நான் எழும்பமாட்டன்."

கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றினாள். "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். ஸ்ரெல்லா மறுபாதியைச் சொன்னாள். குரல் வறண்டிருந்தது, ஆனாலும் ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். நானும் சொன்னேன். என் பல் கிடுகிடுத்ததில் பாதிச் சொல் விழுங்கப்பட்டது. வெளிச்சம் இறங்கிக்கொண்டு வந்தது. அலை கரைக் கல்லில் அடித்து எங்கள் முகத்தில் தெறித்தது.

செபமாலையின் பத்து மணிகள் உருட்டி முடிந்த இடைவெளியில் ஸ்ரெல்லாவின் காதுக்குள் கேட்டேன். "இப்பவாவது அது இருக்கோ?"

"இல்லை."

"கொஞ்சமும்?"

"கொஞ்சமும் இல்லை," என்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "லவீனா இருக்கிறாள்."

மூன்றாம் காரணிக்கமோ நாலாவதோ தெரியாது. கருக்கல் நேரத்தில் மண்டைதீவுப் பக்கமாக ஒரு வள்ளம் தெரிந்தது. யாருடையது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஸ்ரெல்லா எழும்ப முதலே லவீனாதான் செபமாலையோடு எழும்பி ஓடினாள். முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி, காற்றுக்கு மேலால் கத்தினாள்.

"றஜி! றஜி!"

வள்ளத்திலிருந்து என்ன மறுமொழி வந்ததோ எங்களுக்குக் கேட்கவில்லை. லவீனா திரும்பினாள். பெற்ற பிள்ளை வந்தது போல அழுதாள்.

"மாமி, றஜிதான்! நிண்டுகொண்டு வாறான் மாமி!"

ஸ்ரெல்லா இருந்த இடத்திலேயே இருந்து, என் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.